அண்ணாந்து குடித்தவர்கள்

வேண்டாம் தம்பி, அந்தக் கூடைக்காரியிடம் வாங்காதீர்கள். காசைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சுண்டல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தேங்காய்த் துருவல், மாங்காய்க் கீற்று எல்லாம் போட்டிருப்பாள். ஆனால் அவள் கொலைகாரி. நான் சொல்லவில்லை, செஷன்ஸ் கோர்ட் சொன்னது. பெயர் பாவாயி. ஆயுள் தண்டனை முடிந்து வந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும். நாம் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

கொஞ்சம் தள்ளாமல் நில்லுங்கள். பின்னால் இருப்பவரிடமும் சொல்லுங்கள், முழங்கையை மடக்கி வைத்துக்கொள்ளட்டும். நான் வரிசையில் நிற்கிறவன் இல்லை. வரிசை எப்படி நிற்கிறது என்று பார்க்க நிற்கிறேன். கடை திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. ஏலம் எடுத்தவர் சாமி படத்துக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அப்புறம்தான் கதவைத் திறப்பார். முதல் நாள் அல்லவா?

பார்த்தீர்களா கூட்டத்தை? பட்டப்பகல். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். ஒருத்தன் பால் கேனோடு வந்திருக்கிறான், ஒருத்தன் பெண்டாட்டியையே கூட்டிக்கொண்டு வந்து வேப்ப மரத்தடியில் நிற்க வைத்திருக்கிறான். மதுவிலக்கைத் தள்ளி வைக்கிறோம் என்று சர்க்கார் சொன்னது. இவர்கள் வெட்கத்தையும் சேர்த்துத் தள்ளி வைத்துவிட்டார்கள். குடிப்பதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? எங்கள் காலத்தில் இருந்தது.

நான் இந்த ஊர் மதுவிலக்குப் பிரசாரக் கமிட்டிக்குக் காரியதரிசியாக இருந்தவன். மாகாணத்திலேயே முதன்முதலில் மதுவிலக்கு வந்தது நம்ம ஜில்லாவில்தான், தெரியுமா? அந்தப் பெருமையை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தைக்குச் சந்தை மேடை போட்டுப் பேசுவேன். நான் பேசினால் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுவார்கள். சாராயம் காய்ச்சுகிறவன் பானையை நானே கம்பால் உடைத்திருக்கிறேன். தொழில் பத்திரம் எழுதுவது. அது சோறு போட்டது. பிரசாரம் பெயர் கொடுத்தது. நெற்றி நிறைய விபூதியோடு நான் தெருவில் நடந்தால் கையில் பீடி வைத்திருக்கிறவன்கூட மறைத்துக்கொள்வான்.

என்ன? ஆமாம், நானும் குடிப்பேன். அதைத்தானே சொல்ல வருகிறேன்.

அர்த்தநாரி என்று ஒரு பெரிய மனிதர். நெய் மண்டி வைத்திருந்தார். மண்டிக்குப் பின்கட்டில் ஒரு கூடம். அங்கே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பஜனை. விசேஷ நாள் வந்தால் அன்றைக்கும் உண்டு. டாக்டர் பிச்சாண்டி, ஹெட்மாஸ்டர் சபாபதி, வக்கீல் தில்லைநாயகம் என்று ஊரில் கௌரவமானவர்கள் ஒரு பன்னிரண்டு பேர். முன்கட்டில் நெய் வாசனை ஆளைத் தூக்கும். பின்கட்டில் எந்த வாசனை வந்தாலும் வெளியே தெரியாது. போலீஸ் வருகிற மாதிரி இருந்தால் முன்கட்டுக் கணக்குப்பிள்ளை தும்முவார். உடனே இங்கே ஆர்மோனியம் கிளம்பிவிடும். பாட்டில் இருந்ததும் அந்த ஆர்மோனியப் பெட்டியில்தான்.

நாங்கள் அதைப் பிராந்தி என்று சொல்வதில்லை. தீர்த்தம். எங்கள் மண்டலியில் யாரும் அந்த வார்த்தையை உபயோகித்தது கிடையாது. ஒரே ஒரு வெள்ளி டம்ளர். அர்த்தநாரியின் பாட்டனார் காலத்தது. விளிம்பு வெளிப்பக்கமாக மடித்துச் சுருட்டியிருக்கும், கனமான சாமான். ஏன் ஒரே டம்ளர் என்று கேட்பீர்கள். ஆளுக்கொரு டம்ளர் இருந்தால் அது குடிகாரக் கூட்டம். ஒரு டம்ளர் சுற்றி வந்தால் அது தீர்த்தம். இது நான் சொல்லி ஏற்பட்ட ஏற்பாடு. டம்ளருக்குப் பொறுப்பும் நான்தான். ஒவ்வொருவர் குடித்து முடித்ததும் வாங்கி, துண்டால் உள்பக்கம் துடைத்து, அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுப்பேன். பஜனை முடிந்ததும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன்.

ஒரு டம்ளரில் எத்தனை பேர் குடித்தாலும் எச்சில் கிடையாது. ஏனென்றால் நாங்கள் அண்ணாந்து குடிக்கிறவர்கள். உதட்டில் படாமல், ஒரு சொட்டு சிந்தாமல். டாக்டர் கழுத்து சுளுக்கியிருந்த நாளில்கூட அண்ணாந்துதான் குடித்தார், நாங்கள் இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொண்டோம். அதுதான் ஒழுக்கம். அதோ அவன் இடுப்பில் பிளாஸ்டிக் குவளையைச் செருகிக்கொண்டு நிற்கிறானே, அவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

இப்படி நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது, மாசிலாமணி வந்து சேருகிற வரைக்கும்.

ரங்கூன் மாசிலாமணி என்பார்கள். யுத்தத்தில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். ஆற்றங்கரையில் டூரிங் டாக்கீஸ் போட்டிருந்தார். படப்பெட்டி பெங்களூரிலிருந்து ரயிலில் வரும். படப்பெட்டியை எந்தப் போலீஸ்காரனும் திறந்து பார்ப்பதில்லை, வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். அதில் ஒரு பெட்டியில் படம் இருக்காது. எங்களுக்குத் தீர்த்தம் வந்த வழி அதுதான். அதனால் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆள் நல்லவர்தான். நான் யாரையும் குறை சொல்கிறவன் இல்லை. ஆனால் டம்ளரில் வாயை வைத்துக் குடிப்பார். துரை மாதிரி. இரண்டு உதட்டையும் வைத்து, உறிஞ்சி, மீசையைத் துடைத்துக்கொள்வார். முதல் தடவை பார்த்தபோது ஹெட்மாஸ்டர் எழுந்து கொல்லைப்பக்கமே போய்விட்டார். சொல்லிப் பார்த்தோம்.

“ஏனுங்க செகரட்டரி, உள்ளே போறது பிராந்தி. வாசல்ல மட்டும் எதுக்குங்க இவ்வளவு மடி?” என்றார்.

அந்த வார்த்தையை எங்கள் கூடத்தில் முதன்முதலில் சொன்ன மனிதர் அவர்தான். எல்லோர் முகமும் சுருங்கிப் போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்குக் கடைசி முறை என்று வைத்தோம். எல்லோரும் குடித்தான பிறகு அவர். ஆனாலும் அடுத்த வாரம் அதே டம்ளரில்தானே மற்றவர்கள் குடிக்க வேண்டும்? ஹெட்மாஸ்டர் முணுமுணுக்க ஆரம்பித்தார். “காரியதரிசி என்ன பண்றார்?” என்று என் காதுபடவே பேசினார்கள். என் பதவிக்கே ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரைச் சுத்தி பண்ணியாக வேண்டும். புளி போட்டுத் தேய்த்தால் எச்சில் போகுமா? நெருப்பில் காட்டினால் வெள்ளி கறுத்துவிடும். யோசித்து யோசித்து, நாகலிங்க ஆசாரியிடம் கொண்டுபோனேன். பழைய வெள்ளிக்கு மெருகு போட்டுப் புதுசாக்குகிறவன் அவன் ஒருவன்தான் இங்கே. மேல் தோலே புதுசாகிவிட்டால் எச்சில் எங்கே இருக்கும்? என் யோசனைதான்.

நகருங்கள், நகருங்கள். ஒரு அடி நகர்ந்தாலும் நகர்ந்ததுதான்.

அன்று கிருத்திகை. மத்தியானம் டம்ளரைக் கொடுத்தேன், சாயங்காலம் வாங்கப் போனேன். மெருகு மருந்திலிருந்து இடுக்கியால் தூக்கி வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு கல்தொட்டி, தண்ணீர். அதில் முக்கப் போனான். நல்லவேளை, நான் பார்த்தேன்.

“என்ன பண்றே?”

“பொல்லாத மருந்துங்க இது. நாலு தண்ணியில அலசித்தான் குடுக்கோணும்.”

“உன் தொட்டித் தண்ணியிலயா?”

“ஆமாங்க.”

“அப்புறம் எதுக்கய்யா சுத்தி பண்ணினேன்? அலசாமக் குடு. எங்க கிணத்துத் தண்ணியில நான் அலசிக்கிறேன்.”

“ஐயா, விளிம்புல மடிப்பு இருக்குதுங்க. உள்ளாற தங்கிக்கும். வெளிப்பக்கமும் நல்லாக் கொட்டிக் கொட்டி…”

“டம்ளர் கழுவ எனக்குச் சொல்லித் தர்றயா?”

வாழை இலையில் சுற்றிக் கொடுத்தான். இந்த மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் நமக்கே பாடம் நடத்துவார்கள். வீட்டுக்கு வருவதற்குள் மண்டிப் பக்கம் ஆர்மோனியச் சத்தம் கேட்டுவிட்டது. அவசரம். ஆனாலும் உள்பக்கத்தை நன்றாக மூன்று தரம் அலசினேன். தண்ணீரில் குறை வைக்கவில்லை. வெளிப்பக்கம் தண்ணீர் பட்டு மெருகு மங்கிவிட்டால் என்ன செய்வது? தவிர, வெளிப்பக்கத்தில் யார் வாய் வைக்கப்போகிறார்கள்? நாங்கள் அண்ணாந்து குடிக்கிறவர்கள்.

அன்றைக்கு அந்த டம்ளரைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். விளக்கு வைத்த நேரம். கூடத்துக்குள் நிலா வந்த மாதிரி இருந்தது. “இது காரியதரிசி!” என்றார் ஹெட்மாஸ்டர், எல்லோர் முன்னிலையிலும். எனக்கு அது போதும். தீர்த்தம் சுற்றி வந்தது. இடையில் பாவாயி சுண்டல் தட்டை வைத்துவிட்டுப் போனாள். மண்டியில் சமையல் அவள்தான். அர்த்தநாரிக்கே தூரத்து உறவு, புருஷன் இல்லாதவள், அதனால் அவள் கைச் சமையல் எங்களுக்கு ஆகும். அன்றைக்குக் கொண்டைக்கடலை. கடைசியில் மாசிலாமணியின் முறை. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“செகரட்டரி சார், டம்ளரு இன்னிக்கு மாப்பிள்ளையாட்டம் இருக்குது. ஒரு முத்தம் குடுத்தே தீரோணும்.”

என்னைப் பார்த்துக்கொண்டே வாயை வைத்தார். வேண்டுமென்றே. விளிம்பு முழுக்க உதட்டால் ஒரு சுற்றுச் சுற்றி, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார். அன்றைக்குத்தான் சுத்தி பண்ணிக் கொண்டுவந்திருக்கிறேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஆர்மோனியத்தின் மேல் சாய்ந்தார். அது ஒரே சுருதியில் நீளமாகக் கத்தியது. பாட ஆரம்பிக்கிறார் என்று நாங்கள் தாளம் தட்டினோம். டாக்டர்தான் முதலில் கையை நிறுத்தினார். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். “போயிட்டார். இது விஷம்” என்றார்.

தம்பி, யோசித்துப் பாருங்கள். ஒரே பாட்டில். ஒரே டம்ளர். ஊற்றியது ஒரே கை. எல்லோரும் குடித்தோம், ஒருவர் மட்டும் போய்விட்டார். அப்படியென்றால் எங்களுக்குள் ஒருவன் ஏதோ செய்திருக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் அர்த்தநாரியைப் பார்த்தார். அர்த்தநாரிக்கு டாக்கீஸ் நிலத்தின் மேல் ஒரு கண் இருந்தது ஊருக்கே தெரியும். அர்த்தநாரி டாக்டரைப் பார்த்தார். விஷம் யாரிடம் இருக்கும்? டாக்டர் என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்க்க வேண்டும்? எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை.

வக்கீல் தில்லைநாயகம்தான் தெளிவாக இருந்தார். படித்தவர் படித்தவர்தான்.

“குடிச்சோம்னு சொன்னாத்தானே யார் கலந்தான்னு கேள்வி? நாம குடிக்கவே இல்லையே. நடந்தது பஜனை.”

“அப்ப இவர் எதைச் சாப்பிட்டுச் செத்தார்?” என்றார் ஹெட்மாஸ்டர்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சுண்டல் தட்டைப் பார்த்தோம்.

“அதை நாமெல்லாருந்தானே சாப்பிட்டோம்?” ஹெட்மாஸ்டர் விடவில்லை. பாடம் நடத்தி நடத்தி அவருக்கு அந்தப் பழக்கம்.

நான் சொன்னேன்: “இன்னிக்குக் கிருத்திகை. நாம விரதம்.”

நான்தான் சொன்னேன். சமயத்தில் எனக்கு அப்படித் தோன்றும். மாசிலாமணி ரங்கூன்காரர், அவருக்கு ஏது கிருத்திகை? அவர் ஒருவர்தான் சாப்பிட்டார். எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். அர்த்தநாரி ஒரு டின் நெய்யை எடுத்துவந்து கூடம் முழுக்கச் சிந்தினார், யாரோ கால் இடறித் தட்டிவிட்டதாக. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் எந்த மூக்குக்கும் வேலை இல்லை. பாட்டில் கிணற்றுக்குள் போனது. டம்ளரை நான் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் என் சம்சாரம், சாவு வீட்டுத் தீட்டு என்று அதைச் சாம்பலும் புளியும் போட்டு உள்ளும் புறமும் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தாள். மெருகெல்லாம் போயிற்று. அத்தனை சிரமப்பட்டு நான் போட்டுக்கொண்டு வந்த மெருகு.

இன்ஸ்பெக்டர் வந்தார். சந்தை மேடையில் என் பேச்சைக் கேட்டிருக்கிறார். அந்த மரியாதையை அவர் மறக்கவில்லை.

“தீர்த்தம் எதுல குடுப்பீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“உள்ளங்கையில்” என்றேன்.

“அதானே!” என்று எழுதிக்கொண்டார்.

எல்லோருடைய வாக்குமூலத்தையும் நான்தான் வீட்டில் உட்கார்ந்து முதலில் எழுதிப் பார்த்தேன். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? டாக்டருக்குக் கொஞ்சம் சோகமாக, அர்த்தநாரிக்குக் கொஞ்சம் கோபமாக. ஹெட்மாஸ்டருக்கு இலக்கணம் போதவில்லை என்று அவரே திருத்திக்கொண்டார். சமையல்கட்டுப் பரணில் எலி மருந்து டப்பா இருந்தது. நெய் மண்டியில் இல்லாமல் இருக்குமா? காரணமும் இருந்தது. முந்தின மாதம் மாசிலாமணி நாலு பேர் நடுவில் “பாவாயி, சுண்டல்ல உப்பு எங்கே?” என்று கேட்டிருக்கிறார். பொம்பளை மனசில் எது எங்கே தங்கும் என்று யாருக்குத் தெரியும்?

பாவம் என்று தோன்றாமல் இல்லை. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. ஸ்டேஷன் வராந்தாவில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட நான் போனபோது எழுந்து வந்தாள்.

“ஏனுங்க, நீங்க ரெண்டு தரம் வாங்கித் தின்னீங்க. காரம் இன்னும் தூக்கலா இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னீங்க. நான் கொண்டாந்து மொளகாப் பொடி தூவுனேன். மறந்துட்டீங்களா?”

“பாவாயி…”

“அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க, ஐயா. தின்னேன், ஒண்ணும் ஆகலைன்னு சொல்லுங்க. என்னைத் தூக்குல போட்ருவாங்கன்னு சொல்றாங்க. பொண்ணுக்கு வர்ற தையில கல்யாணம் வெச்சிருக்கறேன்.”

“விரதத்தை நான் எப்படி முறிப்பேன், பாவாயி?” என்றேன்.

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். படிப்பில்லாதவள். விரதத்தின் அருமை அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு வாதாட ஆள் இல்லை என்று தர்மத்துக்கு ஒரு வக்கீல் வைத்தார்கள். யார் தெரியுமா? நம்ம தில்லைநாயகம்! எங்கள் மண்டலியின் மனசு எப்படி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் அன்றைக்கு வெளியூரில் இருந்ததாக ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தோம், அதனால் தடையில்லை. குறுக்கு விசாரணையில் என்னை ஒரே கேள்விதான் கேட்டார்.

“பாவாயி சமையல் எப்படி?”

“நன்றாக இருக்கும்” என்றேன். “கைப்பக்குவம் உள்ளவள். நல்ல மாதிரி.”

அந்த வார்த்தையால்தான் தூக்கு ஆயுளாயிற்று. இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான். பெண்ணின் கல்யாணம் நின்றுபோயிற்று, அது வேறு. ஊரைவிட்டு எங்கேயோ வேலைக்குப் போனாள் என்றார்கள்.

இதற்கு நடுவில் அந்த ஆசாரி. மாசிலாமணி போன மறுநாளே வந்து வாசலில் நின்றான். “ஐயா, அந்த டம்ளரு…” என்று ஆரம்பித்தான். சாவு விழுந்த நேரத்தில் மெருகுக் கூலி கேட்டு வருகிறவனை என்ன சொல்வது? விரட்டினேன். கேஸ் நடக்கும்போது மறுபடியும் வந்தான். “ஐயா, வெளிப்பக்கம் அலசுனீங்களா?” என்கிறான். ஓர் உயிர் போயிருக்கிறது, ஒரு பெண் ஜெயிலில் இருக்கிறாள், இவனுக்குத் தன் மெருகு கெட்டுப்போயிற்றா என்ற கவலை! ஒரு ரூபாயை எடுத்து வீசினேன். அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “எம்புட்டுப் பாவம்” என்று சொல்லிவிட்டுப் போனான். தீர்ப்பு வந்ததும் பட்டறையை மூடிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டான். கூலி போதவில்லை போலிருக்கிறது.

அதற்கப்புறம் மண்டலி சரியாக நடக்கவில்லை. ஒருவர் ஊற்றியதை இன்னொருவர் குடிப்பதில்லை. அர்த்தநாரி வீட்டுக் காப்பியை டாக்டர் தொடமாட்டார். டாக்டர் கொடுத்த மருந்தை ஹெட்மாஸ்டர் கொல்லையில் கொட்டிவிடுவார். கோர்ட்டில் பாவாயி என்று முடிவாகிவிட்டது, ஆனாலும் மனசுக்குள் ஒவ்வொருவரும் மற்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரி சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொல்லுங்க, சபாபதிதானே?” என்று கேட்டார். சபாபதியும் பிறகு என்னிடம் அதையே கேட்டார், பெயரை மாற்றி. நான் என்ன சொல்வது? கோர்ட் பாவாயி என்று சொல்லிவிட்டது. கோர்ட்டை நம்பாவிட்டால் வேறு எதை நம்புவது?

ஆனால் ஒன்று சொல்கிறேன் தம்பி, உங்களிடம் சொல்வதற்கென்ன. சில சமயம் நானும் யோசிப்பதுண்டு. அத்தனை பேர் குடித்தோம், அவர் ஒருவர் மட்டும் எப்படி? கடைசியில் எனக்கு ஒன்று புரிந்தது. தெய்வச் செயல். சுத்தி பண்ணின டம்ளரை அன்றைக்கே எச்சில் படுத்தினார், அனுபவித்தார். பாவாயி ஒரு கருவி. அவள் செய்தாளோ செய்யவில்லையோ, அது பெரிய விஷயம் இல்லை.

என்ன, முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? வெயிலா? துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் திரும்பி வந்ததிலிருந்து ஊரில் ஒருவரும் அவளிடம் வாங்குவதில்லை. நானே வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகுட்டிக்காரர்கள் இருக்கிறார்கள் அல்லவா? பஸ்ஸில் வருகிற வெளியூர்க்காரர்கள்தான் அவளுக்குப் பிழைப்பு. இப்போது இந்தக் கடை வந்திருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு யார் போய்ச் சொல்வது? நான் தினமும் வந்து நின்று சொன்னால்தான் உண்டு. சொல்லத்தான் போகிறேன். ஒரு பொறுப்பு இருக்கிறது.

பூசணிக்காய் உடைத்துவிட்டார்கள். கதவு, கதவு! தள்ளாதே அய்யா, யார் அது? வயசானவன் நிற்கிறேன். தம்பி, என்னோடேயே வாருங்கள். ஒரு முழு பாட்டிலாக வாங்கினால் ஆளுக்குப் பாதி, என்ன சொல்கிறீர்கள்? குவளைக்கு அலைய வேண்டாம், பையில் டம்ளர் இருக்கிறது. அதே டம்ளர்தான். நல்ல வெள்ளி, எறியவா முடியும்? அண்ணாந்து குடிப்பீர்கள் அல்லவா? பார்த்தாலே தெரிகிறது, நல்ல குடும்பம். இதைக் கொஞ்சம் பிடியுங்கள், அடிப்பக்கம் பிடியுங்கள். வெறும் வயிற்றில் கூடாது, டாக்டர் பிச்சாண்டி எப்போதும் சொல்வார்.

“ஏ பாவாயி! ரெண்டு பொட்டலம் கட்டு. கடலை வெந்திருக்கா இன்னிக்கு? அவருக்குச் சாதாரணமா. எனக்கு… அட, மொளகாப் பொடி போட்டுட்டயே. சரி, சரி. கையில குடுக்காதே, அந்தக் கல்லு மேல வை.”

முன்னால் இடம் விடாதீர்கள் தம்பி, எவனாவது நடுவில் புகுந்துவிடுவான். இந்தாருங்கள் உங்களுடையது. ம்… மாங்காய் புளிப்பாக இருக்கிறது. பாட்டில் என்ன விலை சொல்கிறான் என்று கேளுங்கள், எனக்கு வாய் நிறைய இருக்கிறது.